ரஷ்ய இலக்கியம் படிக்க ஆசை, எங்கேர்ந்து தொடங்கறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேற நாட்டு மனுஷங்களோட கதைகளைப் படிக்கணும்னு ஆசைப்படற நண்பர்கள் என்கிட்ட கேட்கற கேள்விகள்ல பாதி ரஷ்ய புக்ஸ் பத்தினதுதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிட்டிருந்ததை இங்க சேர்த்து எழுதிட்டேன். எல்லா எழுத்தாளரும் இதுல வரமாட்டாங்க, நான் படிச்சு, மனசுல நின்னு, அடுத்தவங்க கையில தைரியமா குடுக்கக்கூடியது மட்டும்தான் வரும்.

ரஷ்யக் கதை ஒண்ணுகூட படிச்சதில்ல. முதல்ல எதை எடுக்கட்டும்?

செகாவ். அதுலயும் சிறுகதை. நாவல் பக்கமே இப்போதைக்குப் போகாதீங்க.

அவரோட 'வான்கா'ன்னு ஒரு கதை, 1886-ல எழுதினது, பத்து நிமிஷத்துல படிச்சிடலாம். ஒன்பது வயசுப் பையன், அப்பா அம்மா இல்ல, மாஸ்கோவுல செருப்புத் தைக்கிற ஒருத்தர்கிட்ட தொழில் கத்துக்கன்னு விட்டுட்டாங்க, விட்டு மூணு மாசம் ஆச்சு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி முதலாளி வீட்ல எல்லாரும் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, கசங்கின தாள் ஒண்ணை பெஞ்சு மேல விரிச்சு வெச்சு, தரையில முட்டி போட்டு கிராமத்துல இருக்கிற தாத்தாவுக்கு லெட்டர் எழுதறான். மீனைச் சுத்தம் பண்ணச் சொன்னாங்க, நான் வால் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சேன்னு அந்த மீன் தலையாலயே மூஞ்சில இடிச்சாங்க, தொட்டில் ஆட்டும்போது தூங்கிட்டேன்னு அடிச்சாங்க, காலைல ரொட்டி, மத்தியானம் கஞ்சி, ராத்திரிக்கு மறுபடி ரொட்டி, தாத்தா என்னை வந்து கூட்டிட்டுப் போன்னு எழுதறான். நடுநடுவுல தாத்தா வீட்டு நாய் ஞாபகம், பனியில ரெண்டு பேரும் காட்டுக்குப் போய் கிறிஸ்துமஸ் மரம் வெட்டின ஞாபகம். எழுதி முடிச்சு உறையில போட்டு 'கிராமத்துத் தாத்தாவுக்கு'ன்னு எழுதறான், கொஞ்சம் யோசிச்சுட்டு தாத்தா பேரையும் சேர்க்கறான். எந்த ஊருன்னு எழுதல. அவனுக்குத் தெரிஞ்ச கிராமம் ஒண்ணுதான், அதனால கிராமம்னாலே அந்த ஊர்தான்.

இன்னைக்கும் ரஷ்யாவுல போய்ச் சேராத விலாசத்துக்கு 'கிராமத்துத் தாத்தாவுக்கு'ன்னுதான் சொல்லுவாங்க, அந்த அளவுக்கு அந்த வரி ஊர்ப் பேச்சுல கலந்து போச்சு. செகாவ் இந்தக் கதையில அழவே மாட்டார். பையன் எழுதினதை அப்படியே குடுத்துட்டு விலகிக்குவார், அழறது நம்ம வேலை.

இது பிடிச்சுதுன்னா அதே வருஷம் எழுதின குதிரைவண்டிக்காரர் அயோனா கதையைப் படிங்க. பையன் செத்து ஒரு வாரம் ஆகல, பனி கொட்டற ராத்திரியில வண்டியில ஏறுற ஒவ்வொருத்தர்கிட்டயும் அதைச் சொல்ல முயற்சி பண்றார், ஒருத்தரும் காது குடுக்கல. கடைசியில யார்கிட்ட சொல்றார்ங்கறதை நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்கணும்.

செகாவ் ஒரு டாக்டர், இலவசமா எத்தனையோ ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர், அவருக்கே காசநோய், 1904-ல சாகும்போது வயசு 44. கதையில நோயாளியைப் பார்க்கிற பார்வை ஒண்ணு எப்பவும் இருக்கும், கோவப்படாம, தீர்ப்பு சொல்லாம, எங்க வலிக்குதுன்னு மட்டும் பார்க்கிற பார்வை.

செகாவ் படிச்சாச்சு. அடுத்து?

கோகோலோட 'மேல்கோட்டு'. 1842-ல வந்தது. ஒரு ஆபீஸ், அதுல அகாக்கி அகாக்கியெவிச்னு ஒரு கிளார்க், வேலை என்னன்னா காகிதங்களைப் பார்த்துப் பார்த்து நகல் எழுதறது, அவ்வளவுதான். வருஷத்துக்கு 400 ரூபிள் சம்பளம். பீட்டர்ஸ்பர்க் குளிர்ல போட்டிருக்கிற கோட்டு நஞ்சு போய் இனிமே ஒட்டுப் போடவும் முடியாதுன்னு தையல்காரர் சொல்லிடறார். புதுசு 80 ரூபிள். அந்தப் பணத்தைச் சேர்க்கிறதுக்கு அவர் என்னென்ன பண்றார்னு கோகோல் ஒண்ணொண்ணா சொல்லுவார் பாருங்க, சாயங்காலம் டீயை நிறுத்தறார், மெழுகுவத்தி ஏத்தறதில்ல, ஷூ அடி தேயக்கூடாதுன்னு தெருவுல நுனிக்கால்ல நடக்கறார். மாசச் சம்பளத்துல சீட்டுக் கட்டி எதையாவது வாங்கின வீட்ல வளர்ந்தவங்களுக்கு இந்தப் பக்கங்கள் வேற நாட்டுக் கதையாவே தெரியாது.

ஒரு விஷயம் தெரிஞ்சுட்டுப் படிச்சா இன்னும் நல்லா இருக்கும். மகா பீட்டர் 1722-ல அரசாங்க உத்தியோகத்தை 14 படியா பிரிச்சு வெச்சார். யார் யாருக்கு எழுந்து நிக்கணும், யாரை எப்படிக் கூப்பிடணும் எல்லாம் அந்தப் படியை வெச்சுதான். அகாக்கி இருக்கிறது ஒன்பதாவது படி, சாகற வரைக்கும் அங்கயேதான். ரஷ்யக் கதைகள்ல எல்லாரும் ஏன் இப்படி பதவியைப் பார்த்து நடுங்கறாங்கன்னு உங்களுக்குத் தோணும்போதெல்லாம் இந்த 14 படியை ஞாபகம் வெச்சுக்கங்க.

பேர்தான் பிரச்சனை. ஒரே ஆளை நாலு பேர்ல கூப்பிடறாங்க, யார் யாருன்னே புரியல.

என்கிட்ட வர்ற கேள்விகள்ல இதுதான் முதல் இடம், நிறைய பேர் முப்பதாவது பக்கத்துல புக்கை மூடி வெக்கிறதுக்கும் இதான் காரணம். ஆனா தமிழ் ஆளுங்களுக்கு இது கஷ்டமே இல்ல, நம்ம இனிஷியலை நினைச்சுக்கிட்டா போதும்.

ரஷ்யப் பேர்ல மூணு பாகம். சொந்தப் பேர், அப்பா பேர், குடும்பப் பேர். 'குற்றமும் தண்டனையும்' நாவல் நாயகன் முழுப்பேர் ரொதியோன் ரொமானவிச் ரஸ்கோல்னிகவ். நடுவுல இருக்கிற ரொமானவிச்னா ரொமானோட மகன்னு அர்த்தம். அவனோட தங்கச்சி பேர் அவ்தோத்யா ரொமானவ்னா, அதாவது ரொமானோட மகள். அப்பா ஒருத்தர்தான், நம்ம வீட்ல அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே இனிஷியல் வர்ற மாதிரி. ஒரு வித்தியாசம், அவங்க ஊர்ல பொண்ணு கல்யாணம் ஆகிப் போனாலும் அந்த அப்பா பேர் மாறாது, குடும்பப் பேர்தான் மாறும். குடும்பப் பேரும் ஆணுக்கு ஒரு மாதிரி பெண்ணுக்கு ஒரு மாதிரி முடியும், கணவர் கரேனின், மனைவி கரேனினா.

சொந்தப் பேரும் அப்பா பேரும் சேர்த்துக் கூப்பிட்டா மரியாதை, நாம 'சார்' போடற இடம். செல்லப்பேர்னா நெருக்கம். நம்ம வீடுகள்ல ஸ்கூல் ரெஜிஸ்டர்ல ஒரு பேரும் வீட்ல கூப்பிட ஒரு பேரும் இருக்கிற மாதிரிதான் இது. அலெக்சேய்னா அல்யோஷா, திமீத்ரின்னா மீத்யா, மரியான்னா மாஷா, இவான்னா வான்யா இல்ல வான்கா. அலெக்சாந்தர் சாஷா ஆகும், பொண்ணு பேர் அலெக்சாந்த்ராவா இருந்தாலும் அதே சாஷாதான். ரஸ்கோல்னிகவோட அம்மா அவனை ரோத்யான்னு கூப்பிடுவாங்க, தங்கச்சியை துன்யான்னு. யார் எந்தப் பேர்ல கூப்பிடறாங்கன்னு கவனிச்சா அவங்களுக்குள்ள உறவு எப்படின்னு தானா தெரியும், திடீர்னு செல்லப்பேர்லேர்ந்து முழுப்பேருக்கு மாறினா அங்க ஏதோ உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். அதனால பேர்களை இடைஞ்சலா பார்க்காதீங்க, கதையே பாதி அதுலதான் நடக்குது.

நான் பெரிய நாவல் தொடங்கினா முன் அட்டைக்கு உள்பக்கம் ஒரு தாளை வெச்சு, வர்றவங்க பேர், செல்லப்பேர், யாருக்கு என்ன முறைன்னு குறிச்சுக்குவேன். நூறு பக்கத்துக்கு அப்புறம் அந்தத் தாளே தேவைப்படாது.

தமிழ்ல படிக்கலாமா, இல்ல இங்கிலீஷ்லயே படிச்சிடறது பெட்டரா?

தமிழ்ல நல்ல மொழிபெயர்ப்பு இருந்தா தமிழ்லதான். காரணம் இருக்கு. ரஷ்யன்ல 'நீ', 'நீங்க'ன்னு ரெண்டு சொல் இருக்கு, இங்கிலீஷ்ல இல்ல. புஷ்கின் 1828-ல ஒரு குட்டிக் கவிதை எழுதியிருக்கார், அவர் மனசுல இருக்கிற பொண்ணு பேச்சு வாக்குல வாய் தவறி 'நீங்க'ங்கற வெறும் சொல்லுக்குப் பதிலா 'நீ'ன்னு சொல்லிடறா, அந்த ஒரு சொல்லுக்கு அவர் மனசு பறக்குது, கவிதை அவ்வளவுதான். இதை இங்கிலீஷ்ல கொண்டு வர ரொம்பப் பாடுபடணும். தமிழ்ல அப்படியே உட்காரும். பண்ணையார்கிட்ட வேலைக்காரர் பேசறது, சின்னவங்க பெரியவங்ககிட்ட பேசறது, கோவம் வந்ததும் மரியாதை விட்டுப் போறது, எல்லாமே அப்படித்தான்.

தமிழ்ல வந்ததும் கொஞ்சநஞ்சமில்ல. கார்க்கியோட 'தாய்' தொ.மு.சி. ரகுநாதன் பண்ணினது. டால்ஸ்டாயோட 'புத்துயிர்ப்பு', தஸ்தயெவ்ஸ்கியோட 'வெண்ணிற இரவுகள்' ரெண்டும் ரா. கிருஷ்ணையா. 'போரும் வாழ்வும்' டி.எஸ். சொக்கலிங்கம், 'அன்னா கரீனினா' நா. தர்மராஜன். 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' ரெண்டையும் எம்.ஏ. சுசீலா பண்ணியிருக்காங்க, தஸ்தயெவ்ஸ்கியோட அந்த மூச்சு வாங்கற நீள வாக்கியங்களை உடைக்காம கொண்டு வர்றது எவ்வளவு பெரிய உழைப்புன்னு படிக்கும்போது தெரியும்.

சோவியத் இருந்த காலத்துல மாஸ்கோவுல முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம்னு ரெண்டு இடத்துலேர்ந்து தமிழ் புக்ஸ் அச்சாகி வரும். பூ. சோமசுந்தரம் மாதிரி மொழிபெயர்ப்பாளர்கள் மாஸ்கோவுக்கே போய்த் தங்கி வேலை பார்த்தாங்க. இங்க நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்ல அதெல்லாம் ரொம்பக் கம்மி விலைக்குக் கிடைச்சுது, கெட்டி அட்டை, நல்ல தாள், உள்ள படங்கள். தாத்தா பாட்டி வீட்டு அலமாரியில ஒண்ணு ரெண்டாவது இருக்கும், தேடிப் பாருங்க. எங்க வீட்ல இருந்தது ஒரே ஒரு செகாவ் தொகுப்பு, முதல் பக்கத்துல எங்க தாத்தா வாங்கின தேதியும் அவர் கையெழுத்தும் இருக்கும், நான் படிச்ச முதல் ரஷ்ய புக் அதுதான்.

டால்ஸ்டாய்னா நேரா 'போரும் வாழ்வும்' படிச்சிடலாமா?

படிக்கலாம், ஆனா உங்களுக்கு வேற வழி சொல்றேன். முதல்ல 'மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை'ங்கற சின்னக் கதை. பகோம்னு ஒரு விவசாயி, நிலம் நிலம்னு அலையறவர், பாஷ்கீர் மக்கள்கிட்ட போறார். அவங்க ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபிள்னு விலை சொல்றாங்க, சூரியன் உதிச்சதுலேர்ந்து மறையறதுக்குள்ள எவ்வளவு நடந்து வளைச்சுக் காட்டறீங்களோ அவ்வளவும் உங்களுக்கு, ஆனா பொழுது சாயறதுக்குள்ள கிளம்பின இடத்துக்கு வந்துடணும். மிச்சம் நீங்க படிங்க.

அப்புறம் 'இவான் இலியிச்சின் மரணம்', 1886. நூறு பக்கம்தான் இருக்கும். ஒரு நீதிபதி செத்துட்டார்னு ஆபீஸ்ல நியூஸ் வருது, கூட வேலை பார்த்தவங்க மனசுல முதல்ல வர்றது அந்த சீட்டு யாருக்குப் போகும், நமக்கு ப்ரமோஷன் கிடைக்குமாங்கறதுதான். அங்க ஆரம்பிச்சு அவர் வாழ்க்கையைப் பின்னாடிப் போய்ச் சொல்றார். புது வீட்டுக்குத் திரைச்சீலை எப்படித் தொங்கணும்னு ஏணி மேல ஏறிக் காட்டும்போது வழுக்கி விலாவுல ஒரு இடி, அதுலதான் தொடக்கம். நோய் முத்தினதுக்கு அப்புறம் பொண்டாட்டியும் டாக்டர்களும் 'சரியாகிடும்'னு பொய் சொல்லிட்டே இருக்காங்க, கெராசிம்ங்கற கிராமத்து இளைஞன் மட்டும்தான் பொய் சொல்லாம, அருவருப்புப் படாம, ராத்திரி பூரா அவர் காலைத் தன் தோள்ல தூக்கி வெச்சுட்டு உட்கார்ந்திருக்கான். எங்க வீட்ல ஒருத்தரை படுக்கையில வெச்சுப் பார்த்த மாசங்கள்ல இந்தக் கதையை நான் ரெண்டாம் தரம் படிச்சேன், அப்புறம் அவர் ரூமுக்குள்ள போகும்போது நான் பேசற விதமே மாறிடுச்சு.

மூணாவதுதான் முக்கியம், 'ஹாஜி முராத்'. டால்ஸ்டாய் 1910-ல இறந்தார், இது 1912-லதான் வெளியாச்சு. வேற மக்களோட கதை தெரிஞ்சுக்கணும்னு வர்றவங்களுக்கு நான் குடுக்கற முதல் குறுநாவல் இதுதான். காகசஸ் மலையில ரஷ்ய ராணுவம் அந்த மலை மக்களை அடக்க நடத்தின நீண்ட போர், ஹாஜி முராத் அந்த மலை மக்கள்ல ஒண்ணான அவார் இனத் தளபதி. டால்ஸ்டாய் இளவயசுல அதே காகசஸ்ல ரஷ்யப் படையில இருந்தவர். ஆனா எழுதும்போது ரஷ்ய சிப்பாய்கள் எரிச்சுட்டுப் போன செச்சென் கிராமம் ஒண்ணை அந்த ஊர்க்காரங்க கண்ணால பார்க்கறார், வெட்டிப் போட்ட பழமரங்கள், எரிஞ்ச தேன்கூடுகள், அசுத்தம் பண்ணின ஊருணி, செத்துக் கிடக்கற பையன். அந்த ஜனங்க மனசுல இருந்ததை வெறுப்புன்னுகூட சொல்ல முடியாதுன்னு எழுதறார், எதிரியை மனுஷனாவே மதிக்க முடியாத அளவுக்கு அருவருப்பும் திகைப்பும்னு சொல்றார். தன் நாட்டுப் படை செஞ்சதைத் தன் மொழியிலயே இப்படி எழுத எவ்வளவு நேர்மை வேணும்.

இந்த மூணும் முடிச்சுட்டு 'அன்னா கரீனினா', அப்புறம் 'போரும் வாழ்வும்'. அதுல ஐநூறு பேருக்கு மேல வருவாங்க, ஆனா மனசுல நிக்கவேண்டிய குடும்பம் நாலஞ்சுதான்.

தஸ்தயெவ்ஸ்கி ரொம்ப டார்க், படிச்சா டிப்ரஷன் வரும்னு சொல்றாங்களே?

கனமானவர்தான், மறுக்கல. ஆனா அவர் எங்கேர்ந்து எழுதறார்னு பாருங்க. 1849 டிசம்பர்ல, தடை பண்ணின விஷயங்களைப் பேசின ஒரு குழுவுல இருந்தார்னு மரண தண்டனை குடுத்து, மைதானத்துல கொண்டுபோய் நிறுத்தி, துப்பாக்கியை உயர்த்தின பிறகு, ஜார் மன்னிச்சுட்டார்னு அறிவிக்கறாங்க. எல்லாம் முன்கூட்டியே போட்ட திட்டம். அப்போ அவருக்கு 28 வயசு. அங்கேர்ந்து சைபீரியா, ஓம்ஸ்க் சிறையில நாலு வருஷம், கால்ல விலங்கோட. அங்க கொலைகாரங்களோட படுத்து எழுந்து வாழ்ந்தவர், அவங்களுக்குள்ள மனுஷனைத் தேடினவர். அவர் நாவல்கள்ல எவ்வளவு இருட்டு இருந்தாலும் யாராவது ஒருத்தர் இன்னொருத்தருக்காக மண்டியிடற ஒரு இடம் வந்துடும், நான் அதுக்காகத்தான் படிக்கறேன்.

தொடக்கத்துக்கு 'வெண்ணிற இரவுகள்', அவர் கைதாகறதுக்கு முந்தின வருஷம் எழுதினது. பீட்டர்ஸ்பர்க்ல கோடையில ராத்திரி முழுசா இருட்டாது, அந்த வெளிச்சத்துல ஒரு தனிமைக்காரனும் ஒரு பொண்ணும் நாலு ராத்திரி சந்திச்சுப் பேசறாங்க. இதைத் தழுவித்தான் 2003-ல 'இயற்கை' படம் வந்தது, படம் பார்த்து அழுதவங்க கதையையும் படிங்க. அடுத்து 'குற்றமும் தண்டனையும்'. பயந்துக்காதீங்க, அது வேகமா ஓடற நாவல், ஜூலை மாசப் புழுக்கம், அடகு பிடிக்கிற கிழவி, வாடகை பாக்கி வெச்சிருக்கிற படிப்பை விட்ட பையன். கொலை ஆரம்பத்துலயே நடந்துடும், மிச்ச நானூறு அஞ்நூறு பக்கமும் அதுக்கப்புறம் அவன் மனசு படற பாடுதான். 'கரமசோவ் சகோதரர்கள்' கடைசியில.

மனசு சரியில்லாத நாட்கள்ல இவரை எடுக்காதீங்க, அதை மட்டும் சொல்லிடறேன். அந்த நாட்களுக்கு செகாவ் போதும்.

டால்ஸ்டாயா, தஸ்தயெவ்ஸ்கியா, யார் பெரியவர்?

எனக்கு டால்ஸ்டாய். வாதாட விருப்பமில்ல, ரெண்டு பேரையும் படிங்க.

ரஷ்ய இலக்கியம்னா ரஷ்யர்கள் எழுதினது மட்டும்தானா?

இல்ல, இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் அழுத்திச் சொல்றேன். கோகோல் பிறந்து வளர்ந்தது உக்ரைன்ல பொல்தாவா பக்கம், அவரோட ஆரம்பக் கதைகள்ல இருக்கிற சந்தை, பாட்டு, பேய்க்கதை எல்லாம் உக்ரைன் கிராமத்தோடது. ரஷ்ய மொழியில எழுதின அல்லது ரஷ்ய மொழி வழியா உலகத்துக்குப் போன எத்தனையோ இனத்துக்காரங்க இருக்காங்க, எல்லாரையும் ஒரே மூட்டையில கட்டிட்டா அவங்க யாருங்கறதே மறைஞ்சு போயிடும்.

சிங்கிஸ் ஐத்மாத்தவ் கிர்கீஸ்காரர். அப்பாவை 1938-ல ஸ்டாலின் காலத்துல சுட்டுக் கொன்னுட்டாங்க. இவர் கால்நடை மருத்துவம் படிச்சவர், கிர்கீஸ், ரஷ்யன் ரெண்டுலயும் எழுதினார். 1958-ல வந்த 'ஜமீலா' தமிழ்லயும் இருக்கு. ரெண்டாம் உலகப்போர் நேரம், ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் போர்முனையில, பொம்பளைங்களும் பசங்களும்தான் தானிய மூட்டையை வண்டியில ஏத்தி ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டு போறாங்க. ஜமீலாவோட புருஷன் போருக்குப் போயிருக்கான், அவன் எழுதற லெட்டர்ல குடும்பத்துல எல்லாரையும் விசாரிச்சுட்டுக் கடைசியில ஒரு வரிதான் இவளுக்கு. கால்ல அடிபட்டுத் திரும்பி வந்த தானியார், யாரோடயும் பேசாதவன், ஒரு ராத்திரி புல்வெளி நடுவுல வண்டி ஓட்டிட்டே பாட ஆரம்பிக்கறான். இதெல்லாம் நமக்குச் சொல்றவன் புருஷனோட தம்பி, சின்னப் பையன். அந்த ஊர் வழக்கப்படி அண்ணி கொழுந்தனை செல்லமா ஒரு பேர் வெச்சுக் கூப்பிடுவாங்க, ஜமீலா இவனை 'கிச்சினே பாலா'ன்னு கூப்பிடறா, சின்னப் பையான்னு அர்த்தம். அண்ணி மேல உயிரா இருக்கிற அந்தப் பையன் குடும்ப மானத்துக்குக் காவல் நிக்கணுமா, அண்ணி முகத்துல வந்த வெளிச்சத்தைப் பார்த்து சந்தோஷப்படணுமான்னு தவிக்கறான். அண்ணின்னு ஒரு உறவை ஆழமா வெச்சிருக்கிற நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்தத் தவிப்பு யாரும் விளக்காமலே புரியும். பிரெஞ்சுக் கவிஞர் லூயி அரகோன் இதை உலகத்துலயே அழகான காதல் கதைன்னு சொல்லி பிரெஞ்சுல கொண்டு வந்தார்.

அவரோடதே 'முதல் ஆசிரியர்' படிங்க, குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமா மாத்தற ஒருத்தர் கதை, அவருக்கே எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும். ரசூல் கம்சாதவோட 'எனது தாகெஸ்தான்' இன்னொண்ணு, அவர் அவார் மொழிக் கவிஞர், ஹாஜி முராத்தோட அதே இனம். தாய்மொழி, அப்பா, மலை, விருந்தாளி, இதைப் பத்தியெல்லாம் அவர் எழுதறதைப் படிச்சுட்டு உடனே டால்ஸ்டாயோட ஹாஜி முராத்தை மறுபடி எடுத்தா, அந்த மக்கள் வெளியேர்ந்தும் உள்ளேர்ந்தும் ரெண்டு விதமாவும் தெரிவாங்க.

சோவியத் காலத்து எழுத்தெல்லாம் பிரச்சாரம்தானே?

பிரச்சாரம் நிறைய இருந்தது. கூடவே, அச்சுல வரவே முடியாதுன்னு தெரிஞ்சும் எழுதினவங்களும் இருந்தாங்க.

கவிஞர் அன்னா அக்மாதவாவோட மகனைக் கைது பண்ணி லெனின்கிராத் சிறையில வெச்சிருந்தாங்க. வெளிய பொட்டலம் குடுக்க நிக்கற பொம்பளைங்க வரிசையில இவங்க 17 மாசம் நின்னாங்க. ஒருநாள் குளிர்ல உதடு நீலமான ஒரு பெண் காதோரமா வந்து 'இதை உங்களால எழுத முடியுமா'ன்னு கேட்டாங்க, இவங்க 'முடியும்'னு சொன்னாங்க. அதுதான் 'ரெக்வியம்' கவிதைத் தொகுப்பு. தாள்ல வெச்சிருந்தா உயிருக்கு ஆபத்து, அதனால எழுதிக் காட்டி, நம்பிக்கையான நண்பர்கள் மனப்பாடம் பண்ணினதும் அந்தத் தாளை எரிச்சுடுவாங்க. வருஷக்கணக்கா அந்தக் கவிதைகள் சில பேரோட ஞாபகத்துல மட்டும் உயிரோட இருந்தது. சோவியத்ல அச்சானது 1987-லதான்.

வசீலி குரோஸ்மன் யூதர், பிறந்தது உக்ரைன்ல பெர்தீச்சிவ் ஊர்ல. போர் நிருபரா ஸ்டாலின்கிராத்ல இருந்தவர். அவர் அம்மாவை 1941-ல அதே பெர்தீச்சிவ்ல நாஜிகள் கொன்னுட்டாங்க. 'வாழ்வும் விதியும்'ங்கற பெரிய நாவலை அம்மாவுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணியிருக்கார், அதுல ஒரு முழு அத்தியாயம், சாவு வரப்போகுதுன்னு தெரிஞ்ச ஒரு அம்மா முள்வேலிக்குள்ளேர்ந்து மகனுக்கு எழுதற கடைசி லெட்டர். நிஜத்துல அப்படி ஒரு லெட்டர் அவருக்கு வரல. அம்மா எழுதியிருக்கக்கூடியதை இவரே எழுதிக்கிட்டார். 1961-ல சோவியத் ரகசியப் போலீஸான கேஜிபி வந்து கையெழுத்துப் பிரதியோட டைப்ரைட்டர் ரிப்பனையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க, 1964-ல அவர் இறந்துட்டார், புக் வெளிநாட்டுல வந்தது 1980-ல. நான் இங்கிலீஷ்ல படிச்சேன். நாவல் முழுசும் முடியலேன்னாலும் அந்த ஒரு அத்தியாயத்தை மட்டுமாவது படிங்க.

சிரிப்பும் வேணும்னா மிகயீல் புல்ககோவ் எழுதின 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்', சாத்தானே தன் பரிவாரத்தோட, ஒரு பெரிய கறுப்புப் பூனையோட மாஸ்கோவுக்கு வந்து இறங்கற கதை. அவர் 1940-ல செத்து இருபத்தாறு வருஷம் கழிச்சுதான் பத்திரிகையில வந்தது, அதுவும் வெட்டி வெட்டி. சிறை முகாம் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா சொல்ஷெனித்சினோட 'இவான் தெனீசவிச்சின் வாழ்வில் ஒரு நாள்', காலைல எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் ஒரே நாள், ஒரு கிண்ணம் சூப்புக்குள்ள ஒரு மனுஷனோட மொத்த கவனமும் எப்படிப் போகும்னு தெரியும்.

கார்க்கியோட 'தாய்' பிரச்சாரமான்னு கேட்டா, கருத்து வெளிப்படையா இருக்கு, ஆனா எழுதப் படிக்கத் தெரியாம, புருஷன்கிட்ட அடி வாங்கியே பாதி வாழ்க்கையைக் கழிச்ச ஒரு அம்மா கொஞ்சம் கொஞ்சமா நிமிர்றது பொய்யில்ல. அவரோட 'எனது குழந்தைப் பருவம்' எனக்கு இதைவிடப் பிடிக்கும், அந்தப் பாட்டிக்காகவே.

இப்ப உக்ரைன்ல போர் நடக்கும்போது ரஷ்ய புக் படிக்கறது சரியா?

நியாயமான கேள்வி, 2022-லேர்ந்து நிறைய பேர் கேட்கறாங்க. நான் படிக்கறேன், ஆனா முன்ன படிச்ச மாதிரி படிக்கறதில்ல. ரஷ்யக் கவிஞர் லெர்மன்தவ் காகசஸை வர்ணிக்கும்போது முன்னெல்லாம் மலையும் குதிரையும்தான் எனக்குத் தெரியும், இப்ப அது யாரோட மலை, அங்க ரஷ்ய ஆபீசருக்கு என்ன வேலைங்கற கேள்வியும் கூடவே வருது. ரஷ்ய புக் ஒண்ணு படிச்சா பக்கத்துலயே உக்ரைன் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோ மாதிரி ஒருத்தரையும் படிக்கணும்னு வெச்சுக்கிட்டேன், அவர் பண்ணையடிமையா பிறந்து, ஜாரை எதிர்த்து எழுதினதுக்காக பத்து வருஷம் எழுதவும் வரையவும் தடையோட நாடு கடத்தப்பட்டவர். பெலாரஸ்ல வளர்ந்து ரஷ்யன்ல எழுதற ஸ்வெத்லானா அலெக்சியேவிச்சையும் சேர்த்துக்கங்க, 2015 நோபல் அவங்களுக்குத்தான். போர்ல சண்டை போட்ட பெண்கள், செர்னோபில் அணு உலை விபத்துல புருஷனைப் பறிகொடுத்தவங்க, இப்படி நூத்துக்கணக்கான பேரை உட்கார வெச்சுப் பேசவிட்டு அந்தக் குரல்களையே புக்கா கோத்தவங்க.

டால்ஸ்டாய் திருக்குறள் படிச்சிருக்காராமே, நிஜமா?

நிஜம். 1908-ல அவர் எழுதின 'ஒரு இந்துவுக்குக் கடிதம்'ல குறள் வரிகளை எடுத்துப் போட்டிருக்கார், இன்னா செய்யாமை அதிகாரத்துலேர்ந்து. 'இன்னாசெய் தாரை ஒறுத்தல்' அதுல இருக்கு. ஆங்கிலேயனை ஆயுதத்தால எதிர்க்கணும்னு சொன்ன ஒரு இந்திய இளைஞருக்குப் பதிலா எழுதின கடிதம் அது. 1909-ல காந்தி அதைப் படிச்சு குஜராத்தியில மொழிபெயர்த்தார்.

கதையில வர்ற சமோவார், வெர்ஸ்ட், இதெல்லாம் என்ன?

சமோவார்னா டீக்கு வெந்நீர் கொதிக்கவெச்சு சூடாவே வெச்சிருக்கிற பாத்திரம், நடுவுல கரி போடற குழாய் இருக்கும், நம்ம பழைய வெந்நீர் பாய்லர் மாதிரியே. வெர்ஸ்ட் தூர அளவு, ஒரு கிலோமீட்டரைவிடக் கொஞ்சம் கூட. க்வாஸ் ரொட்டியைப் புளிக்க வெச்சுப் பண்ற பானம். கதையில தாத்தா அடுப்பு மேல படுத்திருந்தார்னு வந்தா மிரளாதீங்க, கிராமத்து வீட்ல அடுப்பு ஒரு ரூம் பாதி அளவுக்கு செங்கல்ல கட்டியிருப்பாங்க, அது மேல மேடை இருக்கும், குளிருக்கு அதுதான் கதகதப்பான படுக்கை, பெரியவங்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்த இடம். பண்ணையடிமை முறை 1861-ல ஒழிஞ்சுது, கதை நடக்கிற வருஷம் அதுக்கு முன்னயா பின்னயான்னு மட்டும் பார்த்துக்கங்க, நிறைய விஷயம் விளங்கிடும்.

பசங்களுக்கு என்ன குடுக்கலாம்?

'அப்பா சிறுவனாக இருந்தபோது', தயங்காம வாங்கலாம். புஷ்கினோட மீனவனும் தங்கமீனும் கதையை வாய்விட்டுப் படிச்சுக் காட்டுங்க. வான்காவை பத்து பன்னெண்டு வயசுக்கு மேல குடுங்க, குடுத்துட்டு பக்கத்துல உட்காருங்க, எப்படியும் 'தாத்தா வந்தாரா'ன்னு கேட்பாங்க.